ட்ரெயில் சவாரிக்குக் குதிரை வாங்கப்போகிறவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பண்ணையில் நாலைந்து மாதம் சவாரி கற்றுக்கொண்டவர்கள் அடுத்ததாகக் கேட்பது "எனக்கென்று ஒரு குதிரை வாங்கலாமா?" என்பதுதான். அதற்குப் பின்னால் வரும் சந்தேகங்கள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றே. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். மைதானத்தில் ஓட்டுவதற்கோ, திருமண ஊர்வலத்துக்கோ, பந்தயத்துக்கோ வாங்குபவர்களுக்கு இதில் பாதிதான் பொருந்தும். தோட்டத்து மண்பாதை, மலைச்சரிவு, ஓடை, கிராமச் சாலை என்று மணிக்கணக்கில் வெளியே போக விரும்புகிறவர்களுக்காகவே எழுதியது.

1. ட்ரெயிலுக்குன்னு தனியா ஒரு குதிரை வேணுமா? சவாரி பழகின எந்தக் குதிரையும் போதாதா?

போதாது. மைதானத்தில் அருமையாகப் போகும் குதிரை, நாலு பக்கமும் வேலி இருக்கும் ஓர் இடத்தில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து பழகியது. வெளியே வந்தால் புதரிலிருந்து மயில் கிளம்பும், பின்னால் டிப்பர் லாரி ஹாரன் அடிக்கும், பாதையில் நெல் காயப்போட்ட தார்ப்பாய் கிடக்கும். இவற்றில் எதைக் கண்டாலும் நின்று பார்த்துவிட்டு, நீங்கள் சொன்னால் நடக்கிற குதிரைதான் ட்ரெயில் குதிரை.

முக்கியமான தகுதிகள் நான்கு: பயந்த சுபாவம் இல்லாமை, உறுதியான கால், தனியாகப் போகும் பழக்கம், நல்ல நடை. நம் சந்தையில் விலையை ஏற்றுபவை வேறு: உயரம், நிறம், காது வளைவு, கழுத்துத் தூக்கு, ஆட்டம். உங்களுக்குத் தேவையானதற்குச் சந்தையில் பெரிய விலை இல்லை என்பது உங்களுக்கு லாபம். 56 அங்குல உயரத்தில், மங்கிய பழுப்பு நிறத்தில், யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு பெட்டைக் குதிரை உங்களுக்குப் பத்து வருடம் உழைக்கக்கூடும்.

2. மார்வாரியா, கத்தியவாரியா, தரோபிரெட்டா? எந்த ஜாதி நல்லது?

மார்வாரியும் கத்தியவாரியும் வறண்ட, கல்லும் மணலுமான நிலத்தில் உருவானவை. வெயில் தாங்கும், குளம்பு கெட்டி, தீனிச் செலவு குறைவு. மார்வாரிகள் சிலவற்றுக்கு 'ரெவால்' என்ற இயல்பான நடை உண்டு. ட்ராட்டின் (நடைக்கும் ஓட்டத்துக்கும் இடைப்பட்ட குலுங்கு நடை) வேகத்தில், குலுக்கல் இல்லாமல் போகும். நீண்ட தூரம் போகிறவர்களுக்கு அது பெரிய வரம். குறை என்னவென்றால், இரண்டு இனத்திலும் சூடான ரத்தம் உள்ளவை அதிகம். சின்னச் சத்தத்துக்கும் விழிக்கும்.

பந்தயத்துக்கென்றே வளர்க்கப்படும் தரோபிரெட்டைப் பற்றிக் கீழே 11-ஆம் கேள்வியில் தனியாகச் சொல்கிறோம். கலப்பு நாட்டுக் குதிரைகளையும் நல்ல உடல்வாகுள்ள மட்டக்குதிரைகளையும் பலர் கண்டுகொள்வதே இல்லை. சரிவில் ஏறி இறங்க அவற்றுக்கு இணை கிடையாது. ஜாதியை முடிவு செய்துவிட்டுக் குதிரை தேடாதீர்கள். ஒரே பண்ணையில், ஒரே தாய்க்குப் பிறந்த இரண்டு குட்டிகளில் ஒன்று சாதுவாகவும் இன்னொன்று படபடப்பாகவும் இருக்கும்.

3. என் எடை 85 கிலோ. எந்த உயரக் குதிரை என்னைத் தாங்கும்?

உயரத்தைவிட உடல் எடையைப் பாருங்கள். சவாரி செய்பவர், சேணம், பை, தண்ணீர் எல்லாம் சேர்ந்து குதிரையின் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான வரம்பு. மலைப்பாதைக்கு இன்னும் குறைவாக வைத்துக்கொள்வது நல்லது. நீங்கள் 85, சேணமும் பையும் 10 என்றால் மொத்தம் 95 கிலோ. அதைத் தாங்க ஏறக்குறைய 475 கிலோ குதிரை வேண்டும். நம்மூரில் கிடைக்கும் நாட்டு இனங்கள் பெரும்பாலும் 300 முதல் 400 கிலோவுக்குள் நிற்கும்.

எடைமேடை இல்லாவிட்டால் ஒரு தையல் டேப் போதும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், தோள்மேட்டை (கழுத்து முதுகோடு சேரும் மேடு) சுற்றி வரும் நெஞ்சுச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் எடுங்கள். தோள் முனையிலிருந்து பின்தொடை முனை வரை நீளத்தை எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோவில் எடை கிடைக்கும். சுற்றளவு 165, நீளம் 150 என்றால் ஏறக்குறைய 344 கிலோ. அந்தக் குதிரைக்கு மொத்தச் சுமை 68 கிலோவுக்குள் இருக்க வேண்டும். உங்களுக்குத் தேவை சுற்றளவு 185, நீளம் 165 அளவில் ஒன்று.

உயரம் பற்றி ஒரு எச்சரிக்கை. தோள்மேட்டிலிருந்து தரைவரை நேர்க்கோட்டில் அளப்பதே உயரம். டேப்பை உடம்போடு ஒட்டி வளைத்து அளந்தாலோ, குளம்பைச் சீவாமல் விட்டாலோ ஓரிரு அங்குலம் கூடிவிடும். "62 இஞ்ச்" என்று சொன்ன குதிரை வீட்டில் 60 ஆவது இப்படித்தான். 'கை' என்று யாராவது அளவு சொன்னால், ஒரு கை 4 அங்குலம். 15 கை என்றால் 60 அங்குலம்.

4. எத்தனை வயசுக் குதிரை வாங்கணும்? பல்லைப் பார்த்தா வயசு தெரியுமாமே?

முதல் குதிரை என்றால் 8 முதல் 14 வயது. மூன்று வயதுக் குட்டியை வாங்கிக் "கூடவே வளரலாம்" என்று நினைப்பது, இரண்டு பேருக்கும் தெரியாத பாடத்தை இருவரும் சேர்ந்து படிப்பது போன்றது. யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதுகெலும்பு உட்பட எலும்புகள் முழுதாக முற்ற ஐந்தாறு வயது ஆகும். அதற்கு முன்னால் மலையேற்றினால் கால் கெடும்.

பல்லைப் பார்த்து ஓரளவு சொல்லலாம். முன்வரிசையில் நடுப் பற்கள் இரண்டரை வயதிலும், அதற்கடுத்தவை மூன்றரையிலும், ஓரப் பற்கள் நாலரையிலும் விழுந்து நிலைப்பற்கள் வரும். ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். கீழ்ப்பல்லின் மேல்பரப்பில் இருக்கும் குழிகள் நடுப்பல்லில் 6, அடுத்ததில் 7, ஓரத்தில் 8 வயதுவாக்கில் தேய்ந்து மறையும். மேல் ஓரப்பல்லின் வெளிப்பக்கம் ஈறருகே ஒரு பள்ளக்கோடு 10 வயதில் எட்டிப்பார்க்கும். 15-இல் பல்லின் பாதி வரையும், 20-இல் முழுநீளமும் இறங்கும். பத்துக்கு மேல் இரண்டு மூன்று வயது முன்பின்னாகும் என்பதை நினைவில் வையுங்கள். விற்பவர் "ஏழு" என்று சொல்லும்போது அந்தக் கோடு பாதிப் பல்லைத் தாண்டியிருந்தால், மற்ற எல்லாவற்றையும் சந்தேகத்தோடு கேளுங்கள்.

5. ஆண் குதிரையா, பெட்டையா?

காயடித்த ஆண் குதிரை முதல் தேர்வு, பெட்டை இரண்டாவது. காயடிக்காத ஆண் வேண்டாம். நம் ஊரில் காயடிக்கும் வழக்கம் குறைவு என்பதால் தேடத்தான் வேண்டியிருக்கும். காயடிக்காத குதிரை தனியாக இருக்கும்போது சாதுதான். வழியில் ஒரு பெட்டை எதிர்ப்பட்டால் உங்கள் கடிவாளம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பெட்டை சினைக்கு வரும் நாட்களில் கொஞ்சம் முரண்டு பிடிக்கலாம், பெரிய தொந்தரவு இல்லை. சினையாக இருக்கிறதா என்பதை மட்டும் டாக்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். சினைக்காலம் ஏறக்குறைய 11 மாதம். கடைசி மாதங்களில் அதை ஓட்ட முடியாது.

6. எங்க போய்த் தேடறது? அந்தியூர் சந்தைக்குப் போனா கிடைக்குமா?

ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடி மாதம் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் குதிரைச் சந்தை, தென்னாட்டில் பல இனங்களை ஒரே இடத்தில் பார்க்க நல்ல வாய்ப்பு. வடக்கே புஷ்கர், மகாராஷ்டிரத்தில் சாரங்கேடா ஆகியவை பெரியவை. கண்ணைப் பழக்கிக்கொள்ளவும், விலை நிலவரம் தெரியவும், வளர்ப்பவர்களை அறிமுகம் செய்துகொள்ளவும் சந்தைக்குப் போங்கள். அங்கேயே பணம் கொடுக்காதீர்கள். பின்னே சொல்லப்போகும் சோதனைகளில் பாதியைச் சந்தைத் திடலில் செய்யவே முடியாது.

ட்ரெயில் குதிரை கிடைக்கும் நல்ல இடங்கள் வேறு. சவாரிப் பள்ளிகள் சில குதிரைகளை வேலை குறைவான இடத்துக்குக் கொடுக்க முன்வரும். வெளியூர் போகிற, படிப்புக்காகச் சவாரியை நிறுத்துகிற தனி உரிமையாளர்கள் இருப்பார்கள். லாடம் கட்டுபவரையும் கால்நடை மருத்துவரையும் கேளுங்கள்: எந்தக் குதிரை கால் தூக்கினால் சும்மா நிற்கும், எது உதைக்கும் என்பது லாடம் கட்டுபவருக்குத் தெரிந்ததுபோல் வேறு யாருக்கும் தெரியாது.

7. அவ்வளவு தூரம் போறதுக்கு முன்னால போன்ல என்ன கேட்டு வச்சுக்கலாம்?

"நல்லா ஓடுமா?" என்று கேட்டால் "நல்லா ஓடும்" என்றுதான் பதில் வரும். நடந்ததைக் கேளுங்கள். கடைசியாக எப்போது ஓட்டினீர்கள், எவ்வளவு தூரம், யார் ஓட்டினார்கள்? தனியாக வெளியே போயிருக்கிறதா? யாரையாவது கீழே தள்ளியிருக்கிறதா, எப்படி? வேனில் தானாக ஏறுமா? கடைசியாக லாடம் கட்டியது எப்போது? வயிற்று வலி வந்திருக்கிறதா? எதற்காக விற்கிறீர்கள்?

வெட்டாத ஒரு வீடியோ கேளுங்கள்: கட்டுத்தறியிலிருந்து அவிழ்ப்பதில் தொடங்கி, சேணம் போட்டு, ஏறி, கேட்டைத் தாண்டி நூறு மீட்டர் போய்த் திரும்புவது வரை. இசை போட்டு, ஸ்லோமோஷனில் வரும் வீடியோவில் எதையும் கணிக்க முடியாது.

8. நேர்ல போனதும் முதல்ல எதைப் பார்க்கணும்?

சொன்ன நேரத்துக்கு அரைமணி முன்னதாகப் போங்கள். சேணம் போட்டு, வியர்த்து, தயாராக நிற்கும் குதிரையைக் காட்டினால், அதன் துள்ளலை முன்னதாகவே ஓட்டித் தீர்த்திருக்கலாம். லாயத்தில் நிற்பது, பிடிக்கும்போது காதைப் பின்னால் மடிக்கிறதா என்பது, தலைக்கயிறு போடவிடுகிறதா என்பது எல்லாவற்றையும் கண்ணால் பாருங்கள். கதவு விளிம்பைக் கடித்துத் தேய்த்திருக்கிறதா, ஒரே இடத்தில் இப்படியும் அப்படியும் ஆடுகிறதா என்றும் கவனியுங்கள்.

பிறகு கீழிருந்து மேலே வாருங்கள். நான்கு குளம்பையும் தூக்கிப் பாருங்கள். அடியில் நாற்றமும் கறுப்புக் கசிவும் இருந்தால் குளம்பு அழுகல், இது ஆறக்கூடியது. குளம்புச் சுவரில் வளையங்கள் முன்பக்கம் நெருக்கமாகவும் குதிகால் பக்கம் அகலமாகவும் விரிந்திருந்தால் முன்பு குளம்பு அழற்சி வந்திருக்கும்; அப்படிப்பட்ட குதிரையைக் கல் பாதைக்கு வாங்காதீர்கள். முழங்காலின் முன்பக்கம் வடு இருந்தால் அது முட்டி குத்தி விழுந்திருக்கிறது. மற்ற சவாரிக்கு அதை மன்னிக்கலாம், ட்ரெயிலுக்கு அது பெரிய கேள்வி. முழங்காலுக்குக் கீழே பின்பக்கத் தசைநாணை விரலால் மேலிருந்து கீழாகத் தடவுங்கள். வில் போல் புடைத்திருந்தாலோ, ஒரு கால் மற்றதைவிடச் சூடாக இருந்தாலோ குறித்துக்கொள்ளுங்கள்.

முதுகெலும்பின் இரு பக்கமும் விரல்நுனியால் மிதமாக அழுத்திக்கொண்டே போங்கள். முதுகை நெளித்து இறக்கினால் வலி இருக்கிறது. தோள்மேட்டருகே வெள்ளை முடித் திட்டுகள் இருந்தால் பொருந்தாத சேணம் புண்ணாக்கி ஆறிய தழும்பு அது. கடைசியாக வாய்: நாக்கில் வெட்டு, உதட்டோரம் கிழிந்த வடு, கடிவாளம் படும் ஈறில் மேடு. முள் கடிவாளம் போட்டு ஓட்டியிருந்தால் இவை இருக்கும். பாரம் இழுக்கும், சுமக்கும் விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு விதிகள் முள் கடிவாளத்தைத் தடை செய்தும் அது இன்னும் ஒழியவில்லை.

9. லேசா நொண்டினா எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியல. என்ன வழி?

கெட்டியான தரையில், தளர்ந்த கயிற்றில் பிடித்து, ட்ராட்டில் உங்களிடமிருந்து விலகிப் போகவும் திரும்பி வரவும் சொல்லுங்கள். கயிற்றை இறுகப் பிடித்தால் தலையாட்டம் மறைந்துவிடும். முன்னங்காலில் வலி என்றால், வலிக்கும் கால் தரையில் படும்போது தலை மேலே போகும், நல்ல கால் படும்போது இறங்கும். பின்னங்கால் என்றால் பின்னாலிருந்து இடுப்பின் இரு முனைகளைப் பாருங்கள். வலிக்கும் பக்கம் அதிகமாக ஏறி இறங்கும். கண்ணை நம்ப முடியாவிட்டால் காதால் கேளுங்கள்: சிமென்ட் தரையில் ட்ராட் சத்தம் ஒரே தாளமாக வர வேண்டும்.

அடுத்து, கெட்டித் தரையில் சிறிய வட்டமாக இரு பக்கமும் சுற்றச் சொல்லுங்கள். குளம்பு வலி, அந்தக் கால் வட்டத்தின் உள்பக்கம் வரும்போது பெரும்பாலும் அதிகமாகத் தெரியும். காலை மடக்கி 60 வினாடி பிடித்துவிட்டு உடனே ட்ராட் விடும் சோதனையை மருத்துவர் செய்யட்டும். போனில் ஸ்லோமோஷனில் எடுத்து வந்து நிதானமாகப் பார்க்கலாம். அந்த வசதி இதற்குத்தான் உபயோகம்.

10. ஓட்டிப் பார்க்கும்போது என்னென்ன செஞ்சு பார்க்கணும்?

முதலில் விற்பவர் ஏறட்டும். அவர் ஏற மறுக்கும் குதிரையில் நீங்கள் ஏறாதீர்கள். ஹெல்மெட் இல்லாமலும் ஏறாதீர்கள். பிறகு வேலிக்குள் வாக், ட்ராட், நிற்பது, திரும்புவது, நாலடி பின்வாங்குவது. இது பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். உண்மையான சோதனை கேட்டுக்கு வெளியேதான்.

தனியாக, லாயம் கண்ணில் படாத தூரத்துக்கு, ஒன்றிரண்டு கிலோமீட்டர் போங்கள். குதிரைக்கு மந்தையை விட்டுப் பிரிவதுதான் பெரிய பயம். கேட்டருகே நின்று திரும்பத் திரும்பக் கனைத்து, பக்கவாட்டில் நடந்து, வீட்டுப் பக்கமே முகத்தைத் திருப்பும் குதிரை உங்களைத் தினமும் அப்படியே சோதிக்கும். திரும்பி வரும்போது அவசரப்படுகிறதா என்றும் பாருங்கள். வீடு தெரிந்ததும் வேகம் பிடிப்பது புதியவர்கள் கீழே விழும் முக்கியக் காரணம். இன்னொரு குதிரையோடு போய், அதை முன்னே ஓடவிட்டு, உங்களுடையதை நிறுத்திப் பார்ப்பது அடுத்தது. அரை நிமிடம் நிற்க வேண்டும்.

வழியில் கணுக்கால் அளவு தண்ணீரில் இறக்குங்கள். முதல் முறை தயங்கி, முகர்ந்து, பிறகு இறங்கினால் அது நல்ல மூளை. மூன்று முறை கேட்டும் பின்வாங்கி முன்காலைத் தூக்கினால் வேறு குதிரை பாருங்கள். செங்குத்தான இறக்கத்தில் கயிற்றைத் தளர்த்திவிட்டால், பின்னங்காலை அடியில் கொண்டுவந்து ஒவ்வொரு அடியாக வைக்க வேண்டும். சமதரையில் ஒரு கிலோமீட்டர் நடையைப் பத்து நிமிடத்தில் கடக்கிறதா என்று பாருங்கள். மணிக்கு 6 கிலோமீட்டர் நடை இருந்தால் நாள் முழுக்கப் போகலாம். ஒரு தடவை தடுக்குவது சகஜம். ஒரே கிலோமீட்டரில் மூன்று நான்கு முறை என்றால் குளம்பு நீண்டிருக்கலாம், குளம்பு வலி இருக்கலாம், நரம்புக் கோளாறாகவும் இருக்கலாம்.

லாரி போகும் சாலையோரம் நின்று பாருங்கள். பாதி வழியில் இறங்கி, ஒரு கல்லின் மேல் நின்று திரும்ப ஏறுங்கள். ஏறி முடிக்கும்வரை நகரக்கூடாது. வந்ததும் நாடியை எடுங்கள்: தாடைக்கு அடியில் துடிக்கும் ரத்தக்குழாயில் 15 வினாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். ஓய்வில் இருக்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44. வேலைக்குப் பின் பத்துப் பதினைந்து நிமிடத்தில் 60-க்குக் கீழே வந்துவிட வேண்டும். நெடுந்தூரப் போட்டிகளிலேயே தொடர்ந்து போக அனுமதிக்கும் வரம்பு 64-தான். கழுத்தும் விலாவும் வியர்த்திருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். சென்னை, புதுச்சேரி போன்ற கடற்கரைப் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுவிடும். வெயிலில் ஓடியும் உடம்பு உலர்ந்து, மூச்சு மட்டும் வாங்கினால் அந்தக் குதிரை அங்கே கோடையைத் தாங்காது.

11. ரேஸ்ல ஓய்வு கொடுத்த தரோபிரெட் ரொம்பக் குறைஞ்ச விலைக்குக் கிடைக்குது. எடுக்கலாமா?

முதல் குதிரையாக வேண்டாம். இரண்டு மூன்று வருடம் பலவிதக் குதிரைகளை ஓட்டியவர், பழக்க நேரம் உள்ளவர் என்றால் யோசிக்கலாம். எடை அதிகமுள்ளவர்களுக்கு (3-ஆம் கேள்வி) நம்மூரில் எளிதில் கிடைக்கும் பெரிய குதிரை இதுதான் என்பதும் உண்மை.

பந்தயக் குதிரை கடிவாளத்தைச் சாய்ந்து இழுத்து ஓடப் பழகியது. நிறுத்த நினைத்து நீங்கள் இறுக்க இறுக்க அது வேகமெடுக்கும். தானியம் அதிகம் தின்று பழகியதால் வயிற்றுப்புண் இருக்க வாய்ப்புண்டு. உள்ளங்குளம்பு மெல்லியது. பந்தயத்துக்கான அலுமினிய லாடத்தைக் கழற்றி இரும்பு லாடம் கட்டாமல் கல் பாதையில் ஏற்றக்கூடாது. எடுத்தால் முதல் இரண்டு மூன்று மாதம் தானியத்தைப் படிப்படியாகக் குறைத்து, புல்லைக் கூட்டி, திறந்த இடத்தில் விட்டு ஆறவிடுங்கள்.

எதற்காக ஓய்வு கொடுத்தார்கள் என்பதே முதல் கேள்வி. வேகம் போதவில்லை என்றால் நல்லது. தசைநாண் கிழிந்தது என்றால் ஸ்கேன் செய்து பார்க்காமல் எடுக்காதீர்கள்.

12. நாட்டியம் பழகின குதிரை பார்க்க அழகா இருக்கு, அதை ட்ரெயிலுக்கு மாத்த முடியாதா?

மாற்றலாம், ஆனால் வருடக்கணக்கு ஆகும். பறைச் சத்தம், கழுத்தில் தட்டு, கடிவாளத்தில் சின்ன இழுப்பு, இவை ஒவ்வொன்றும் அதற்குக் காலைத் தூக்கி ஆடச் சொல்லும் கட்டளை. திருவிழா நடக்கும் ஊர் வழியே போனால் அது நடனத்தைத் தொடங்கிவிடும், உங்களுக்கு நிறுத்தத் தெரியாது. வாய்க்காயம் இருக்கிறதா என்று 8-ஆம் கேள்வியில் சொன்னபடி பாருங்கள். கடற்கரையிலும் மலைவாசத் தலங்களிலும் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிய குதிரைகள் இதைவிட எளிது. கூட்டத்துக்கும் வண்டிக்கும் அஞ்சாது. முதுகும் குளம்பும் தேய்ந்திருக்கின்றனவா என்பதே அங்கே கவலை.

13. சந்தையில பசு மாதிரி நின்னுச்சு. வீட்டுக்கு வந்து ரெண்டு நாள்ல ஆளே மாறிடுச்சு. ஏன்?

காரணம் மூன்றில் ஒன்று. ஒன்று, மயக்க மருந்து. கீழுதடு தொங்குவது, கண் பாதி மூடியிருப்பது, நடையில் தள்ளாட்டம், ஆண் குதிரைக்குக் குறி வெளியே தொங்கிக்கொண்டேயிருப்பது ஆகியவை அதன் அடையாளங்கள். இரண்டு, பட்டினியும் தண்ணீரில்லாமையும். பயணத்தில் சோர்ந்த குதிரை சாதுவாகத்தான் நிற்கும். வயிறு நிறைந்ததும் சொந்தக் குணம் வரும். மூன்று, குதிரையில் தவறே இல்லாமல், புது இடத்தின் பயம்.

முதல் இரண்டையும் தவிர்க்க ஒரே வழி, வேறு வேறு நாளில் குறைந்தது இரண்டு முறை, அதில் ஒரு முறை சொல்லாமல் போய்ப் பார்ப்பதுதான். வலி தெரியாமலிருக்க ஊசி போட்டிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், பரிசோதனை நாளன்று ரத்த மாதிரி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். எடுக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே சொன்னாலே பல விற்பனைகள் நின்றுபோகும்.

14. சுழி பார்க்கணுமா? வீட்டுல பெரியவங்க பிடிவாதமா இருக்காங்க.

முடிச்சுழிக்கும் குதிரையின் நடைக்கும் காலுக்கும் சம்பந்தம் இருப்பதாக நாங்கள் கண்டதில்லை. ஆனால் விலைக்குச் சம்பந்தம் உண்டு. கழுத்தில் தேவமணிச் சுழி இருந்தால் விலை ஏறும். ஆகாத சுழி என்று சொல்லப்படுவது ஒன்று இருந்தால் நல்ல குதிரையும் மலிவாக வரும், நாளை நீங்கள் விற்கும்போதும் அதே தள்ளுபடிதான். வீட்டில் மனம் ஒப்பாத குதிரையைக் கொண்டுவந்தால், அது ஒரு முறை நொண்டினாலும் சுழியின் மேல் பழி விழும். அவர்களையும் அழைத்துப்போய்க் காட்டிவிட்டு வாங்குங்கள்.

15. டாக்டர் பரிசோதனைக்கு வேற செலவு பண்ணணுமா? எந்தெந்த டெஸ்ட்?

கட்டாயம். விற்பவரின் வழக்கமான மருத்துவர் வேண்டாம், குதிரை பார்த்துப் பழகிய வேறொருவர் வேண்டும். நெஞ்சைக் கேட்பது, கண்ணை இருட்டில் விளக்கடித்துப் பார்ப்பது, பல், குளம்பு இடுக்கியால் அழுத்திப் பார்ப்பது, மடக்குச் சோதனை ஆகியவை அடிப்படை. அங்கே சந்தேகம் வந்தால் மட்டும் அந்த இடத்தை எக்ஸ்ரே எடுங்கள். ஒரு கண் தெரியாத குதிரை வெளியே போகும்போது அந்தப் பக்கத்துச் சத்தத்துக்கெல்லாம் துள்ளும், அதனால் கண்ணை அவசரமாக முடிக்கவிடாதீர்கள்.

ரத்தத்தில் மூன்று சோதனை. கிளாண்டர்ஸ் என்னும் நோய் மனிதருக்கும் தொற்றும். கண்டறிந்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்று. சிகிச்சை கிடையாது, குதிரையைக் கருணைக்கொலைதான் செய்வார்கள். இதற்கான மாதிரிகளை ஹரியானா மாநிலம் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தில் சோதிக்கிறார்கள். இரண்டாவது, குதிரைத் தொற்று ரத்தசோகை. மூன்றாவது 'சர்ரா': கடிக்கும் ஈக்களால் பரவும் ரத்த ஒட்டுண்ணி. விட்டுவிட்டுக் காய்ச்சல், மெலிவு, கால் வீக்கம் இருந்தால் இதைச் சந்தேகியுங்கள். முடிவு கைக்கு வந்த பிறகே மீதிப் பணம்.

16. பேப்பர் என்னென்ன வாங்கணும்?

தரோபிரெட் என்றால் பாஸ்போர்ட்டும் மைக்ரோசிப்பும் இருக்கும். கருவியை வைத்து எண் ஒத்துப்போகிறதா என்று உங்கள் கண்முன் பார்க்கச் சொல்லுங்கள். பதிவு பெற்ற மார்வாரிக்கும் அப்படியே. மற்றவற்றுக்கு, நிறம், நெற்றி வெள்ளை, கால் வெள்ளை, சுழிகள், வயது, உயரம் எல்லாம் எழுதி, இரு பக்கப் புகைப்படத்தோடு விற்பனைச் சீட்டு. "15 நாளுக்குள் மறைத்த நோய் தெரிந்தால் திரும்ப எடுத்துக்கொள்வேன்" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கப் பாருங்கள். மறுப்பவரோடு பேரம் பேசும்போது அதைக் கணக்கில் வையுங்கள்.

17. வாங்கினதுக்கு அப்புறம் தினமும் என்ன ஆகும்?

தினத்தீனி, உலர்ந்த எடையில், உடல் எடையில் 2 சதவீதம். 350 கிலோ குதிரைக்கு 7 கிலோ. பசும்புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால், புல்லாகவே கொடுத்தால் 30 கிலோ வரை வேண்டும். கொள்ளு, ஓட்ஸ், தவிடு எல்லாம் அதற்கு மேல், வேலைக்கேற்ப. ஒரு வேளைக்கு 2 கிலோவைத் தாண்டாமல். வெறும் வைக்கோலை நம்பினால் குடல் அடைத்து வயிற்று வலி வரும். தண்ணீர் 25 முதல் 50 லிட்டர். கோழித் தீவனத்தை எட்டும் இடத்தில் வைக்காதீர்கள்: அதில் கலக்கும் மோனென்சின் என்ற மருந்து சிறிதளவிலேயே குதிரையின் இதயத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும்.

ஐந்து முதல் ஏழு வாரத்துக்கு ஒரு முறை லாடம், வருடத்துக்கு ஒரு முறை பல் ராவுதல், டெட்டனஸ், வெறிநாய்க்கடி தடுப்பூசிகள். துணைக்கு இன்னொரு குதிரையோ கழுதையோ இல்லாமல் தனியாக வைக்காதீர்கள், ஆடுகூடப் பரவாயில்லை. வாங்கும் விலையைவிட இந்தச் செலவும் நேரமும்தான் நீங்கள் முடிவு செய்ய வேண்டியது.

18. ராஜஸ்தான்ல வாங்கினா இவ்வளவு தூரம் கொண்டுவர்றது ஆபத்தா?

ஆபத்து உண்டு, குறைக்கலாம். கிளம்பும் முன் மருத்துவச் சான்று வாங்க வேண்டும். விலங்குப் போக்குவரத்து விதிகளிலேயே இது உள்ளது. வழியில் தலையை உயர்த்திக் கட்டியே வைத்தால் தூசியும் சளியும் நுரையீரலில் தங்கி நிமோனியா வரும். நான்கைந்து மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தித் தண்ணீர் காட்டி, தலையைத் தாழ்த்திப் புல் தின்னவிட வேண்டும். இரவில் இறக்கி ஓய்வு கொடுக்கும் ஓட்டுநரைத் தேடுங்கள்.

வந்ததும் மூன்று வாரம் மற்ற குதிரைகளிடமிருந்து தனியிடம், தனி வாளி. காலை மாலை காய்ச்சல் பாருங்கள். 37.2 முதல் 38.3 டிகிரி செல்சியஸ் சாதாரணம், 38.5-ஐத் தாண்டினால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். பழைய தீனியில் ஒரு மூட்டையைக் கூடவே வாங்கிவந்து, பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

19. காட்டுக்குள்ள ஓட்டிட்டுப் போகலாமா?

வனத்துறை அனுமதியில்லாமல் முடியாது. சரணாலயங்களுக்குள் நுழைவதை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. காப்புக்காடுகளுக்கும் அனுமதி தேவை. எஸ்டேட் பாதைகள், ஏரிக்கரை, தோப்புச் சாலைகளே நடைமுறையில் உங்கள் ட்ரெயில். உரிமையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். யானை நடமாட்டமுள்ள மலையடிவாரத்தில் விடிகாலையும் அந்தியும் வேண்டாம்.

20. ரெண்டு குதிரை பார்த்து வச்சிருக்கேன். ஒண்ணு அஞ்சு வயசு, அழகு, கால் எல்லாம் சுத்தம், ஆனா தண்ணிக்குப் பயம், தனியா போகாது. இன்னொண்ணு பதிமூணு வயசு, எங்க விட்டாலும் போகும், ஆனா டாக்டர் பின்னங்கால் மூட்டுல லேசான தேய்மானம்னு சொல்றார். எதை எடுக்கறது?

வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒன்றிரண்டு மணி நேரம், அதிகம் கேன்டர் (நிதானமான ஓட்டம்) இல்லாமல் போகிறவர் என்றால் பதிமூன்று வயதுக் குதிரை. லேசான தேய்மானமுள்ள மூட்டுக்குச் சீரான நடை நல்லது. அசையாமல் கட்டிப்போடுவதுதான் கெடுதல். மருத்துவரிடம் "இந்த வேலைக்கு, இந்த எடைக்கு, எத்தனை வருடம் ஓடும்?" என்று நேராகக் கேளுங்கள். மடக்குச் சோதனைக்குப் பின் சில அடிகளிலேயே நடை சரியானால் எடுங்கள். ட்ராட் முழுக்க நொண்டினால் விடுங்கள். தேய்மானத்தைக் காட்டி விலையையும் குறைக்கச் சொல்லலாம்.

ஐந்து வயதுக் குதிரையின் பயம் தீரக்கூடியதே. தைரியமான இன்னொரு குதிரையின் பின்னால் தண்ணீரில் இறக்கி, தனியாக முதலில் ஐம்பது மீட்டர், பிறகு நூறு என்று ஆறு மாதம் பழக்கினால் மாறும். அதைச் செய்ய உங்களுக்கோ, வாரத்துக்கு நான்கு நாள் வந்து உதவும் பயிற்சியாளருக்கோ நேரமும் அனுபவமும் இருந்தால் அதையும் எடுக்கலாம். இரண்டுமே மனதுக்குச் சரியாகப் படவில்லையா? பண்ணைக் குதிரையிலேயே இன்னும் மூன்று மாதம் ஓட்டிக்கொண்டு தேடுங்கள். ஆடிச் சந்தை முடிந்ததும், விற்காமல் திரும்பக் கொண்டுபோன குதிரைகளுக்கு விலை இறங்கும். அப்போது விற்பவர்களின் லாயத்துக்கே போய் நிதானமாகப் பாருங்கள்.